நான் அளந்து கொடுத்த அறைகள்

மாநகர சபையில் பேறு பார்க்கும் மருத்துவமாதாக நான் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். அதில் பெரும்பகுதி கொட்டாஞ்சேனையில் கழிந்தது. எங்கள் வீடு வெள்ளவத்தையில். காலையில் கோச்சியில் கோட்டை ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ட்ராமில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஒரு நாளில் ஏழெட்டு வீடுகள். பின்னேரம் கிளினிக். வீடு திரும்பும்போது கால் இரண்டும் என்னுடையவை அல்ல என்பது போல இருக்கும். என் கணவர் கோட்டையில் ஒரு வர்த்தகக் கம்பனியில் கிளார்க். இரண்டு பெண் பிள்ளைகள். கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். மறுபாதியில் வீட்டுக்காரர் குடும்பம்.

கொட்டாஞ்சேனையில் நான் பார்த்துவந்த தோட்டங்களில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டம் என்பது பெயர்தான். துறைமுகத்துக்குப் போகும் தெருவிலிருந்து ஆள் ஒருவர் நடக்கக்கூடிய ஒரு சந்து உள்ளே போகும். சந்து முடியும் இடத்தில் முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு வரிசை அறைகள், மொத்தம் இருபத்திரண்டு. பின்சுவர் இரு வரிசைக்கும் பொது. ஆகவே எந்த அறைக்கும் ஜன்னல் இல்லை. வாசலை மூடினால் இருட்டு. முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். கோடியில் நான்கு வாளிக் கக்கூஸ். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் அவர்கள் குடும்பங்களும் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். சில சிங்களக் குடும்பங்கள், சில முஸ்லிம் குடும்பங்கள். சந்தின் வாயில் ஒரு முஸ்லிம் நாநாவின் சிறு கடை. மழை நாட்களில் என் குடையை அங்கேதான் வைத்துவிட்டு உள்ளே போவேன்.

பதினோராம் அறையில் இருந்தவளுக்கு ஏறக்குறைய என் வயது. அவள் கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவளுக்குத் தேயிலை ஸ்டோர் ஒன்றில் காம்பு பொறுக்கும் வேலை. பேறுகாலத்துக்கு முதல் வாரம் வரை வேலைக்குப் போவாள். அவளுடைய நான்கு பேறுகளையும் நான்தான் பார்த்தேன். காலை பத்து மணிக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே லாந்தரைக் கொளுத்தி வைத்துக்கொண்டு பிள்ளையை எடுத்திருக்கிறேன். லாந்தரின் புகையும் அடுப்புப் புகையும் சேர்ந்து கண் எரியும். அறைக்குள் ஒன்பது பேர் படுத்தார்கள். அவளுடைய குடும்பத்தோடு கணவனின் தம்பியும் அவன் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவளுடைய மூன்றாவது பிள்ளை, பெண் பிள்ளை, நெஞ்சில் சளி கட்டி முப்பத்தெட்டாம் நாள் இறந்துபோனது. நான் போனபோது பிள்ளையை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“காத்துப் பட்டா சரியாகும்னு சொன்னீங்களே மிசியம்மா,” என்றாள். நேர்ஸ்மாரையும் எங்களையும் எல்லோரும் மிசி என்றுதான் அழைப்பார்கள். “காத்துக்கு எங்க போவேன் நான்? வாசல்ல தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். மழ வந்துருச்சு.”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதனால்தான் அது இத்தனை வருடமாக எனக்குள் இருக்கிறது.

இது நடந்து ஒரு வருடத்துக்குள் எங்கள் வைத்திய அதிகாரி என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், நல்ல மனிதர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். தோட்டங்களைப் பற்றிச் சபையின் வீடமைப்புக் குழுவுக்கு ஓர் அறிக்கை போகவேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர்மார் வெளியிலிருந்து பார்த்து எழுதுவார்கள். உள்ளே யார் யார் எப்படிப் படுக்கிறார்கள் என்பது உனக்குத்தான் தெரியும். அறை அறையாக அளந்து எழுதித் தா என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வேலையில் சேர்ந்த பிறகு ஒருவர் என்னிடம் எனக்குத் தெரிந்ததைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரம் அளந்தேன். பதினோராம் அறைக்காரி வேலையில்லாத நாட்களில் கூடவே வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள். மற்றப் பெண்கள் கதவைத் திறக்கத் தயங்கியபோது, “நம்ம மிசிதான், தொறங்க,” என்று அவள்தான் சொன்னாள். வெளியார் வந்து அளந்தால் ஏதோ வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

கடைசி அறையை அளந்து முடித்து முற்றத்தில் நின்றபோது அவள் கேட்டாள்.

“இதெல்லாம் எழுதிக் குடுத்தா என்னாம்மா நடக்கும்?”

“இது சனம் இருக்கிற இடமில்லையெண்டு சபை முடிவெடுக்கும். வேறை வீடு கட்டித் தருவினம். ஜன்னல் வைச்ச வீடு.”

“நெசமாவா?”

“ஓம். ஏன் பொய் சொல்லப் போறன்?”

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வைத்திய அதிகாரிகூட ‘கட்டக்கூடும்’ என்றுதான் சொல்லியிருந்தார். முற்றத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன்.

குழுக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். வெள்ளைச் சேலை உடுத்து, வைத்திய அதிகாரிக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தேன். பெரிய மேசை, தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள். சுவரில் நகரத்தின் வரைபடம். அதை நிறம் நிறமாகத் தீட்டியிருந்தார்கள். மஞ்சள் என்றால் குடியிருக்கும் இடம், சிவப்பு என்றால் கடைகள், சாம்பல் என்றால் பண்டகசாலைகள். வெள்ளவத்தை முழுக்க மஞ்சள். துறைமுகத்தைச் சுற்றிச் சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டாஞ்சேனைக்குள் இறங்கியிருந்தது. எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் அப்போது எந்த நிறமும் இல்லை. பென்சிலால் மட்டும் ஒரு கோடு.

என் அறிக்கையை வாசித்தார்கள். ஒரு மெம்பர், நரைத்த மீசைக்காரர், ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: “நீங்கள் அங்கே குடியிருப்பீர்களா?”

“இல்லை,” என்றேன்.

“ஒரு நாள்?”

“ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்னால் உள்ளே நிற்க முடியாது, சேர்.”

மேசையைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தோட்டம் மனிதர் வாழத் தகுதியற்றது. அதை மூடவேண்டும். மறுபடி யாரும் அங்கே அறை கட்டி வாடகைக்கு விடாதபடி அந்த நிலத்தைப் பண்டகசாலைப் பகுதியில் சேர்க்கவேண்டும். வெளியேற்றப்படுகிறவர்களுக்காக வெள்ளவத்தைக்கும் கிருலப்பனைக்கும் நடுவில், கால்வாய்க்கரைப் பக்கம் சபைக்கு இருந்த நிலத்தில் மாடி வீடுகள் கட்டவேண்டும். அன்று எனக்கு ஒவ்வொன்றும் நியாயமாகப் பட்டது. இன்று யோசித்தாலும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகவே படுகிறது.

ஒரே ஒருவர், மேசையின் கோடியில் இருந்தவர், கேட்டார்: “துறைமுக ஆட்களை விடியற்காலையில் வாசலில் வைத்துத்தான் வேலைக்குப் பொறுக்குகிறார்கள். கால்வாய்க்கரையிலிருந்து அவர்கள் எப்படி வருவார்கள்?”

நல்ல கேள்வி என்று தலைவர் சொன்னார். அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டார்கள். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். நானும் அந்தக் கேள்வியை அன்று மாலையே மறந்துபோனேன்.

உலக யுத்தம் தொடங்கியது. சீமெந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கால்வாய்க்கரையில் அத்திவாரம் போட்டபடி நின்றது. துறைமுகத்திலோ சாமான் வைக்க இடமில்லை. பண்டகசாலைக்கு நிலம் உடனே வேண்டும். வீடு கட்டுவது தள்ளிப்போனது, தோட்டத்தை மூடுவது முந்திக்கொண்டது. நோட்டீஸ் ஒட்டப்போன இன்ஸ்பெக்டரைப் பெண்கள் சந்துக்குள் விடவில்லை. ஆகவே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் முற்றத்தில் நின்று தமிழில் வாசித்துக் காட்டினேன். மூன்று மாதம் தவணை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். புதிய வீடுகள் தயாரானதும் இந்தத் துண்டு வைத்திருப்பவருக்கு முதலிடம் என்று அதில் இருந்தது.

“அதுவரைக்கும் எங்க இருக்கிறது மிசியம்மா?” என்று பதினோராம் அறைக்காரி கேட்டாள். இடுப்பில் கடைசிப் பிள்ளை.

“கொஞ்சக் காலந்தான்,” என்றேன்.

சிலர் கிராண்ட்பாஸில் வேறு தோட்டங்களுக்குள் நுழைந்துகொண்டார்கள். ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்த அறையில் பன்னிரண்டு பேரானார்கள். அவர்களையும் நான்தான் போய்ப் பார்த்தேன். பதினோராம் அறைக்காரி ஒருநாள் நான் போவதற்கு முன்பே போய்விட்டாள். கூரை ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடை நாநாதான் சொன்னார்.

“அவங்க வத்தளப் பக்கம் பெய்த்தாங்க மிசி. ஆத்துக்கு அங்கால. அங்க சொந்தக்காரங்க யாரோ இருக்காங்களாம். ஒங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னா.”

ஓடுகளை இறக்கியபின் அறைகளுக்குள் வெயில் விழுந்தது. உள்ளே எவ்வளவு சின்ன இடம் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அளந்தவள் நான்தான். ஆனாலும் இலக்கமாகத்தான் தெரிந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று கால்வாய்க்கரை வீடுகள் முடிய. மூன்று மாடி, சிவப்புச் சீமெந்துத் தரை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய். அதற்குள் குழுவில் பாதிப்பேர் மாறிவிட்டார்கள். வீடு ஒதுக்குவதற்கு விதிகள் வகுத்தார்கள். விண்ணப்பிப்பவர் நகர எல்லைக்குள் தொடர்ந்து வசிப்பவராக இருக்கவேண்டும். நகரத்தின் வரிப்பணம் நகரத்தாருக்கே. மாதச் சம்பளத்துக்கு வேலை கொடுப்பவரின் சான்று வேண்டும். வாடகை ஒழுங்காக வரவேண்டுமே. ஆற்றைத் தாண்டி வத்தளைக்குப் போனவர்கள் முதல் விதியில் விழுந்தார்கள். கிராண்ட்பாஸில் இருந்தவர்கள் நாட்கூலிக்காரர்கள். அவர்கள் இரண்டாவதில் விழுந்தார்கள். இருபத்திரண்டு துண்டுகளில் வீடு கிடைத்தது இரண்டே இரண்டு பேருக்கு. மிஞ்சிய வீடுகளைச் சபையின் கீழ்நிலை ஊழியருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் எங்களை எழும்பச் சொன்னார். மகனுக்குக் கலியாணம், எங்கள் பாதியும் அவர்களுக்கு வேண்டும். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் வீடு எடுப்பது லேசான காரியமில்லை. என் கணவர் மூன்று மாதம் அலைந்தார். ஒருநாள் பின்னேரம் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தானே நிரப்பி எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“இஞ்சாரும், இதிலை கையெழுத்து வையும்.”

பார்த்தேன். “இது அந்தத் தோட்டத்துச் சனத்துக்கெண்டு கட்டின வீடெல்லே?”

“ஓம். தெரியும்.”

“நான் அந்தப் பெண்டுகளுக்கு வாக்குக் குடுத்தனான்.”

“நீர் கையெழுத்து வைக்காட்டில் வேறை ஆரோ வைக்கப்போகினம். அந்தச் சனத்துக்கு அது போகப்போறதில்லை.” பேனையை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்தார். “எனக்கும் இது சந்தோஷமில்லை. பிள்ளையளைக் கொண்டு எங்கை போறது? அதைச் சொல்லும், நான் போறன்.”

அன்று நான் கையெழுத்து வைக்கவில்லை. மறுநாள் சபைக் கந்தோருக்குப் போய், ஒதுக்கீட்டுப் பகுதிக் கிளார்க்கிடம் பதினோராம் அறைக்காரியின் துண்டைப் பற்றிக் கேட்டேன். என் வயதையொத்த தமிழர். அவர் பெரிய கொப்பியைத் திறந்து விரலால் தேடிப் பார்த்தார்.

“இவை இப்ப சிட்டி லிமிட்டுக்கு வெளியிலை, மிசி.”

“நாங்கள்தானே அனுப்பினனாங்கள்?”

“நான் ரூலை எழுதேல்லை,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள்.

அந்த வாரமே கையெழுத்து வைத்தேன். இரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது. குடிபோன அன்று என் சின்ன மகள் நான்கு ஜன்னல்களையும் ஓடி ஓடித் திறந்துவிட்டாள். காற்று வந்தது. நான் பாயை விரித்துப் படுத்து பகல் முழுக்க நித்திரை கொண்டேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். அன்று நித்திரைதான் வந்தது.

வெட்கம் பிறகு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாநாவிடம் இடம் விசாரித்துக்கொண்டு, நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் ஏறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனேன். தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் கிடுகு வேய்ந்த ஐந்தாறு குடிசைகள். பதினோராம் அறைக்காரி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். பிள்ளைகள் நன்றாக வளர்ந்திருந்தார்கள். அங்கே காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்டோர் வேலை போய்விட்டது. கணவன் துறைமுகத்துக்கு நடந்தே போய்வந்தான். முந்தி நிற்பவர்களைத்தான் வேலைக்குப் பொறுக்குவார்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைக்காமல் திரும்பி வருவான்.

“வீடு கட்டி முடிஞ்சுதாம்மா?” என்று அவளே கேட்டாள்.

விதிகளைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வந்து காட்டினாள். மடித்த மடிப்பில் கிழியாமல் வைத்திருந்தாள்.

“அப்ப இது செல்லாதா?”

“இப்போதைக்கு இல்லை.” பிறகு சொன்னேன். “எனக்கு அங்கை ஒரு வீடு குடுத்திருக்கினம்.”

கடைசிப் பிள்ளை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“நல்லாருக்கா?”

“ஓம். நல்லாயிருக்கு.”

“நீங்களும் நாலு தெரு நடக்குறவங்கதானே,” என்றாள். “ஒங்களுக்காவது கெடச்சுச்சே.”

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள் என்று நம்புகிறேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்ததும் வைத்திய அதிகாரியிடம் போனேன். இருவருமாகச் சேர்ந்து குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். சபையே வெளியேற்றியவர்களை நகரத்துக்கு வெளியே போனவர்கள் என்று கணக்கெடுக்கக் கூடாது. துறைமுக நாட்கூலிக்காரருக்கு மேஸ்திரியின் சான்று போதும் என்று விதியை மாற்றவேண்டும். கடிதம் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. ஒரு கூட்டத்தில் நேரம் போதவில்லை. அடுத்ததில் போதிய மெம்பர்மார் வரவில்லை. அதற்கடுத்ததில், சட்ட அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்றார்கள். நான் ஒவ்வொரு மாதமும் கந்தோருக்குப் போய் விசாரித்தேன். வேலை முடிந்து போவேன், கதவு மூடும் நேரத்துக்குக் கிட்டப் போய்ச் சேருவேன். அந்தக் கிளார்க் தூரத்தில் என்னைக் கண்டதும் தலையை இல்லை என்று அசைப்பார். நான் திரும்பி நடப்பேன். வைத்திய அதிகாரி ஓய்வுபெற்றுப் போனார். புதிதாக வந்தவருக்கு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் மேசையில் கிடந்தது.

கடைசியில் ஒருநாள் விதி மாறியது. நாங்கள் கேட்டபடி முழுதாக இல்லை. கால்வாய்க்கரையில் புதிதாக எழும்பிய இரண்டாவது கட்டடத்தில் ஆறு வீடுகளைப் பழைய துண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கினார்கள். பதினோராம் அறை அந்த ஆறில் ஒன்று. கிளார்க் தானே எழுந்துவந்து ஒதுக்கீட்டுக் கடிதத்தை என் கையில் தந்தார். தபாலில் போடவேண்டியதை, “நீங்களே குடுங்கோ மிசி,” என்றார்.

காலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வத்தளைக்குப் போனேன். பஸ்ஸில் இருக்கும்போது என்ன சொல்வது என்று யோசித்துச் சிரித்துக்கொண்டே போனேன். குடிசை இருந்த இடத்தில் மண்சுவர் எழும்பி, கூரைக்குப் பாதி ஓடு போட்டிருந்தார்கள். அவள் தலைமயிர் முன்பக்கம் நரைத்திருந்தது. கடிதத்தை வாசித்துச் சொன்னேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“அவருக்கு இங்கனயே பேக்டரில வேல கெடச்சிருச்சு மிசியம்மா,” என்றாள். “மாசச் சம்பளம். பெரியவ பள்ளிக்கூடம் போறா, சிஸ்டர்மாருங்க நல்லாப் பாத்துக்கிறாங்க. இந்தச் சுவரு நானே மிதிச்சு வச்ச மண்ணு.”

“யோசிச்சுச் சொல்லு. ரெண்டு கிழமை தவணை இருக்கு.”

“யோசிக்க ஒண்ணுமில்ல.” கடிதத்தை மடித்து என் கையில் திருப்பித் தந்தாள். “அப்ப வந்திருந்தா காலுல விழுந்து வாங்கியிருப்பேன். இப்ப இன்னொருவாட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நடக்க எனக்கு ஏலாது. யாராச்சும் கொழந்த வச்சிருக்கவுகளுக்குக் குடுக்கச் சொல்லுங்க.”

நான் வற்புறுத்தவில்லை. அவள் சொன்னதில் பிழை இருக்கவில்லை. சோறு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பின்னேரம் கிளினிக் இருந்தது, நேரமில்லை என்றேன். பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்துவந்து, பஸ் வரும்வரை மகளின் படிப்பைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தில் மாட்டுவண்டிகள் நெருக்கியடித்து பஸ் நீண்டநேரம் நின்றது. வெயில் முகத்தில் அடித்தது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கோட்டைக்கு வந்தபின் கண்டக்டர் தோளில் தட்டி, “நோனா, பஹின்ன,” என்று சிங்களத்தில் இறங்கச் சொன்னான். இறங்கி, கிளினிக்குக்கு நடந்தேன். வாங்குப் பலகையில் பதினேழு பெண்கள் இருந்தார்கள். கை கழுவிக்கொண்டு முதலாவது ஆளைக் கூப்பிட்டேன்.